பால் பவுடர் டப்பாவுக்குள்ள இருக்கறது சுத்தம்னு நெனச்சிட்டு இருந்தேன்

போன வாரம் டோல்கேட் பக்கம் ஒரு மெடிக்கல்ல நின்னுட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு பையன், 25 வயசு கூட இருக்காது, ஒரு கைல டிஸ்சார்ஜ் ஃபைலு, இன்னொரு கைல மடிச்ச சீட்டு. சீட்ட நீட்டினான், கடைக்காரர் கைக்குழந்தைக்குக் குடுக்கற 400 கிராம் பால் பவுடர் டப்பா ஒன்ன எடுத்து வெச்சாரு. காசு குடுத்துட்டும் அவன் நகரல. "அண்ணா, இத எப்டி கலக்கணும்?"னு கேட்டான். "டப்பாலயே போட்டிருக்கும் பாருப்பா"ன்னு சொல்லிட்டு அவரு அடுத்த ஆளுக்கு மாத்திரை எடுக்கப் போயிட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, ராத்திரி 9 மணி, கடை வாசல்ல பத்து பேரு நிக்கறாங்க. ஆனா அந்தப் பையன் டப்பாவ திருப்பித் திருப்பி பாத்துட்டு நின்னான் பாருங்க, அந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும். 2023 அக்டோபர்ல இதே மாதிரி ஒரு டப்பாவ கைல வெச்சிக்கிட்டு நான் அப்படித்தான் நின்னேன்.

பக்கத்து டீக்கடை பெஞ்சுல உக்கார வெச்சு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொன்னேன், அரைமணி நேரம் ஓடிடுச்சு, நம்பரும் குடுத்தேன். வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல, அத சொல்லாம விட்டுட்டனே இத சொல்லாம விட்டுட்டனேன்னு. அதான் முழுசா எழுதிடறேன்.

எங்க பாப்பா 36 வாரத்துலயே பொறந்துட்டா. 2 கிலோ 100 கிராம். பிரசவத்தப்போ என் வொய்ஃபுக்கு ரத்தப்போக்கு நிக்கல, ஐசியூல 6 நாள் இருந்தா, அந்த 6 நாளப் பத்தி இங்க எழுத வேணாம். பாப்பா நல்லா இருக்கா, வீட்டுக்கு கொண்டு போங்கன்னு 4வது நாளே சொல்லிட்டாங்க. பவுடர் பேரு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. எவ்ளோ தண்ணி, எத்தன ஸ்பூன், தண்ணி எவ்ளோ சூடா இருக்கணும், மிச்சம் ஆனா என்ன பண்ணணும், ஒருத்தரும் உக்காந்து சொல்லல. வார்டு சுவரு பூரா தாய்ப்பால் போஸ்டர். அது சரிதான், மொத 6 மாசம் தாய்ப்பால் மட்டும்தான்னு சொல்றதுல எனக்கு மாத்துக் கருத்தே கெடயாது. 1992லயே சட்டம் போட்டுட்டாங்க, பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது, டப்பா மேல குழந்தை படம் கூட போடக் கூடாது, தாய்ப்பால்தான் சிறந்ததுன்னு டப்பா மேலயே எழுதணும்னு. ரொம்ப நல்ல சட்டம். ஆனா தாய்ப்பால் குடுக்கவே முடியாத நெலமைல ஒரு வீடு வந்து நிக்கும்போது, அந்த வீட்டுக்கு கலக்கற முறைய அஞ்சு நிமிஷம் சொல்லிக் குடுத்தா அது விளம்பரம் ஆகாது. சொல்லியே ஆகணும். இந்த ஒரு விஷயத்துல எனக்கு இன்னிக்கும் ஆத்தாமை இருக்கு.

சரி, நாங்க என்ன பண்ணோம்னு சொல்றேன். வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டைல, மாடி போர்ஷன், நானும் எங்கம்மாவும் பாப்பாவும். பகல்ல நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறேன், நைட்டு 2 மணி நேரத்துக்கு ஒரு வாட்டி பாப்பா எழுந்துக்கறா. அதனால ராத்திரி 10 மணிக்கே தண்ணிய கொதிக்க வெச்சு, நல்லா ஆற விட்டு, வெதுவெதுன்னு ஆனதும் மூணு பாட்டில்ல பால கலந்து, மூடி போட்டு, ஃபேனுக்குக் கீழ டேபிள் மேல வரிசையா வெச்சிருவேன். பாப்பா அழுதா ஒண்ணு ஒண்ணா எடுத்துக் குடுக்கறது. ரொம்ப ஒழுங்கா பண்றோம்னுதான் நெனச்சேன். தண்ணிய கொதிக்க வெச்சாச்சு, பாட்டில கழுவியாச்சு, வேற என்ன?

மூணாவது நாள் நைட்டு கீழ் வீட்டு நர்சக்கா வந்தாங்க. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில பிரசவ வார்டுல வருஷக்கணக்கா வேல பாத்து ரிட்டயர் ஆனவங்க. பாப்பாவப் பாக்க வந்தவங்க கண்ணு நேரா டேபிளுக்குப் போச்சு. "இது எப்போ கலந்தது?"ன்னாங்க. பத்து மணிக்குன்னேன். மணி அப்போ ஒண்ணு. ஒரு வார்த்த பேசாம மிச்சம் இருந்த பாட்டில எல்லாம் எடுத்துட்டுப் போயி சிங்க்ல கொட்டிட்டு வந்தாங்க. எங்கம்மாவுக்கு கோவம், "அவ்ளோ பாலையும் கொட்டிட்டியேம்மா"ன்னு. அவங்க என்னப் பாத்துதான் கேட்டாங்க, "சுடுதண்ணி எதுக்குன்னு நெனைக்கற?"

"தண்ணில இருக்கற கிருமி சாகறதுக்குக்கா."

"தண்ணிக்கு மட்டும் இல்லப்பா. பவுடருக்கும்தான்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ எழுதறேன். டப்பா சீல் பிரிக்கும்போது புஸ்ஸுன்னு காத்து வருது, உள்ள வெள்ள வெளேர்னு பவுடரு, ஆபரேஷன் தியேட்டர் பஞ்சு மாதிரி சுத்தம்னுதான் யாருக்கும் தோணும். ஆனா பால் பவுடர்ல கிருமியே இல்லன்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஃபேக்டரில எவ்ளோ பாத்துப் பாத்து பண்ணாலும் சில சமயம் க்ரோனோபேக்டர்னு ஒரு கிருமி, சால்மோனெல்லான்னு ஒரு கிருமி உள்ள இருந்துட வாய்ப்பு இருக்கு, இந்த க்ரோனோபேக்டர் காஞ்ச பவுடர்லயே மாசக்கணக்கா உயிரோட கெடக்கும். வர்றது ரொம்ப அபூர்வம்தான். ஆனா வந்தா ரத்தத்துல ஏறும், மூளைக் காய்ச்சல் வரும், சின்ன உசுரு தாங்காது. 2 மாசத்துக்கு உள்ள இருக்கற குழந்தை, குறை மாசத்துல பொறந்தது, எடை கம்மியா பொறந்தது, இவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. எங்க பாப்பா மூணுலயும் இருந்தா. 2022ல அமெரிக்காவுல இந்தக் கிருமியால ஒரு பெரிய பால் பவுடர் ஃபேக்டரியவே நிறுத்தி வெச்சாங்க, நாடு பூரா டப்பாவுக்குத் தட்டுப்பாடு ஆச்சு.

நான் பண்ணது என்னன்னா, வெதுவெதுப்பான தண்ணில பவுடர போட்டு, சென்னை அக்டோபர் புழுக்கத்துல மூணு நாலு மணி நேரம் வெளில வெச்சேன். தயிருக்கு உறை ஊத்தற சூடு அது. கிருமி ஒண்ணு ரெண்டு இருந்தா கூட பெருகறதுக்கு அத விட நல்ல எடம் கெடயாது. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, கும்பிடற சாமி காப்பாத்துச்சு.

உலக சுகாதார நிறுவனம் 2007லயே இதுக்கு வழிமுறை போட்டிருக்கு. தண்ணி நல்லா தளதளன்னு கொதிக்கணும், அடுப்ப அணைச்சு 30 நிமிஷத்துக்கு மேல ஆற விடக் கூடாது, பவுடர் போடும்போது தண்ணி 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. அந்த சூட்டுல பவுடர்ல இருக்கற கிருமி செத்துரும். அப்பறம் பால வேகமா ஆற வெச்சு உடனே குடுக்கணும், கலந்து 2 மணி நேரம் ஆச்சுன்னா கீழ ஊத்திடணும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அந்த 30 நிமிஷக் கணக்கு ஒரு லிட்டராவது கொதிக்க வெச்சா மட்டும்தான். எனக்கு சந்தேகம் வந்து சமையலுக்கு யூஸ் பண்ற ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வெச்சுப் பாத்தேன். ஒரு லிட்டர் மூடி போட்ட பாத்திரத்துல அரைமணி கழிச்சும் 70க்கு மேல நிக்குது. அதே தண்ணிய அரை டம்ளர் எடுத்து எவர்சில்வர் டம்ளர்ல வெச்சா பத்து நிமிஷம் கூட தாங்கல, இறங்கிடுச்சு. நம்ம வீட்ல எல்லாரும் அந்த வேளைக்கு வேண்டிய அரை டம்ளர்தானே காய்ச்சுவோம்?

நைட்டுக்கு நர்சக்கா சொன்ன வழி ஃப்ளாஸ்க். நல்லா கொதிச்ச தண்ணிய, ஆற விடாம, சுத்தமான ஃப்ளாஸ்க்ல ஊத்தி மூடிட வேண்டியது. பத்து மணிக்கு ஊத்தினது ரெண்டு மணிக்கும் 80க்கு மேல இருந்துச்சு எங்க ஃப்ளாஸ்க்ல, உங்க ஃப்ளாஸ்க் எப்படின்னு ஒரு தடவ பாத்துக்கோங்க. காஞ்ச பாட்டில், டப்பா, ஃப்ளாஸ்க், மூணும் ரெடியா இருந்தா கலக்கி ஆற வெச்சுக் குடுக்க மொத்தமே ஏழெட்டு நிமிஷம்தான். மொத ரெண்டு நாள் பாப்பா கத்தற கத்துல கை நடுங்கும், அப்பறம் பழகிடும். ஆனா குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு இந்த சுடுதண்ணிய கைல எடுக்கவே எடுக்காதீங்க. யார்கிட்டயாவது குடுங்க, இல்ல பாயில படுக்க வெச்சுட்டு வாங்க, நாலு நிமிஷம் அழுதா பரவால்ல.

சில டப்பால வெதுவெதுப்பான தண்ணில கலக்கணும்னுதான் போட்டிருக்கும். நான் வாங்கினதுலயும் அப்படித்தான், அதுவும் இங்கிலீஷ்லயும் இந்திலயும், எங்கம்மாவுக்கு ரெண்டுமே தெரியாது. டப்பாவ டாக்டர்கிட்டயே எடுத்துட்டுப் போயி நேரா காட்டிக் கேட்டேன். குறை மாசக் குழந்தை, 70லயே கலங்கன்னு சொன்னாரு. நீங்களும் டப்பாவோட போயி கேளுங்க, ஃபோன்ல கேக்காதீங்க.

ஆற வெக்கறதுல நம்ம ஊர்ல ஒரு சிக்கல். ஓடற குழாய்த் தண்ணில பாட்டில காட்டுங்கன்னு சொல்வாங்க. எங்க குழாய்ல எப்பவும் தண்ணி ஓடாது, சின்டெக்ஸ் டேங்க்ல இருந்து வர்றதும் மே மாசத்துல கையே வெக்க முடியாத சூடு. நாங்க ஒரு சின்ன பேசின்ல மண்பானைத் தண்ணி ஊத்தி, பாட்டில கழுத்து வரைக்கும் முழுகாம நிக்க வெச்சு சுத்துவோம், ரெண்டு தடவ தண்ணி மாத்தினா போதும். அந்தத் தண்ணி மூடிக்குள்ள போயிடக் கூடாது, அது காய்ச்சாத தண்ணி. அப்பறம் மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டா சூடும் தெரியக் கூடாது, ஜில்லுன்னும் இருக்கக் கூடாது. மைக்ரோவேவ்ல சூடு பண்ணவே வேணாம், வெளில தொட்டா இதமா இருக்கும், உள்ள ஒரு எடத்துல கொதிக்கும், நாக்கு வெந்துரும்.

இப்போ ஸ்பூன் விஷயம். இதுலதான் எங்க வீட்ல சண்டையே வந்துச்சு. எங்க டப்பால 30 மில்லி தண்ணிக்கு தலை தட்டின ஒரு ஸ்பூன், அந்த டப்பாவோட வந்த ஸ்பூன்லதான் அளக்கணும். வேற கம்பெனி ஸ்பூன் பாக்க ஒரே மாதிரி இருக்கும், அளவு வேற. மொதல்ல தண்ணி, அப்பறம்தான் பவுடர். பவுடர போட்டுட்டு அது மேல கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினா தண்ணி கொறஞ்சிடும். நான் ஒரு சின்னக் கத்திய பாட்டிலோட சேத்து கொதிக்க வெச்சு எடுத்து வெச்சிப்பேன், ஸ்பூன அமுக்காம அள்ளி, கத்தி முதுகால ஒரு இழுப்பு, மேல இருக்கறது டப்பாலயே விழுந்துரும். எண்றத வாய் விட்டு எண்ணுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு போட்டமா நாலு போட்டமான்னு சந்தேகம் வரும், வந்தா அத கொட்டிட்டு மறுபடி ஆரம்பிங்க.

எங்கம்மா என்ன பண்ணாங்கன்னா, நான் இல்லாத நேரத்துல ஒவ்வொரு வேளைக்கும் அரை ஸ்பூன் எக்ஸ்ட்ரா. "தண்ணியாட்டம் இருந்தா எப்டிடா கொயந்த தேறும்? கெட்டியா குடுத்தாத்தான் தூங்கும்." பாசத்துல பண்ணதுதான். பாப்பாவுக்கு மூணு நாளா வெளிய போகல, முக்கி முக்கி அழுவுறா, உதடு காஞ்சு போச்சு, ஒன்னுக்கும் கொறஞ்சிடுச்சு. டாக்டர் கேட்ட மொத கேள்வியே யாரு கலக்கறதுன்னுதான். பவுடர் ஜாஸ்தி ஆனா உப்பு ஜாஸ்தி, அத வெளிய தள்ற அளவுக்கு அந்தக் கிட்னி இன்னும் வளரல, உடம்புல இருக்கற தண்ணிய இழுத்துரும். எங்கம்மா அன்னிக்கு ஆஸ்பத்திரி படிக்கட்டுலயே உக்காந்து அழுதாங்க. நான் ஒண்ணும் சொல்லல, சொல்லிக் குடுக்காம விட்டது நான்தானே.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு இருக்கு, அது எங்க ஏரியால ஜாஸ்தி, ஆனா யாரும் வெளிய சொல்லிக்க மாட்டாங்க. பவுடர கம்மி பண்றது. கணக்கு போட்டுப் பாருங்க. 4 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 150 மில்லின்னு வெச்சா 600 மில்லி, 20 ஸ்பூன், ஒரு ஸ்பூன் நாலரை கிராம் சுமாருக்கு வரும், 90 கிராம் ஆச்சு. 400 கிராம் டப்பா அஞ்சு நாள் கூட தாங்காது. மாசத்துக்கு ஏழு டப்பா. தினக்கூலி வீட்ல நாலு ஸ்பூன மூணு ஸ்பூனா ஆக்கணும்னு கை போகத்தான் செய்யும். அவங்கள யாரும் திட்டாதீங்க. ஆனா தண்ணிப் பால் குடிச்ச குழந்தை வயிறு நெறஞ்ச மாதிரி தூங்கும், எடை ஏறாது, ரத்தத்துல உப்பு கொறஞ்சு வலிப்பு கூட வரும். காசு முட்டுதுன்னா டாக்டர்கிட்டயோ ஏரியா நர்ஸ்கிட்டயோ கூச்சப்படாம சொல்லுங்க, தாய்ப்பால திரும்ப வர வெக்கறதுக்கு வழி சொல்வாங்க, அது நெறய பேருக்கு முடியற விஷயம். என் வொய்ஃப் வீட்டுக்கு வந்தப்பறம் பாப்பாவ நெஞ்சோட அணைச்சே வெச்சிருந்தா, பால் வருதோ இல்லயோ ரெண்டு மணிக்கொரு தடவ சப்ப விட்டா, மூணாவது மாசம் முக்காவாசி அவ பால்தான்.

கழுவறதப் பத்தி ஒரு வார்த்த. எங்க வீட்ல வாரத்துல நாலு நாள் மீன், காசிமேட்டுல இருந்து வந்ததும் அதே மேடைலதான் ஆயறது. அன்னிக்கே நர்சக்கா பால் கலக்கறதுக்குன்னு தனியா ஒரு ஸ்டூல ஒதுக்க வெச்சாங்க, மீன் அறுத்த மேடைக்கும் பால் பாட்டிலுக்கும் சங்காத்தமே கூடாதுன்னு. சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் டப்பாவத் தொடணும். பாட்டில் நிப்பிள் எல்லாத்தையும் பிரிச்சு, பிரஷ் போட்டு, பால் பிசுக்கு போக கழுவிட்டு, தண்ணில முழுசா முங்க வெச்சு 10 நிமிஷம் கொதிக்க விடணும், உள்ள காத்துக் குமிழி நிக்கக் கூடாது. இதெல்லாம் பண்ண முடியலன்னா பாட்டிலே வேணாம், பாலாடை போதும். நம்ம பாட்டிங்க யூஸ் பண்ண அதே மூக்கு வெச்ச சின்னக் கிண்ணம், இண்டு இடுக்கே இல்ல, அழுக்கு ஒளிய எடம் கெடயாது, இன்னிக்கும் டாக்டருங்க அதத்தான் குடுக்கச் சொல்றாங்க. குழந்தைய சாச்சு உக்கார வெச்ச மாதிரி புடிச்சு, உதட்டு ஓரத்துல வெச்சா அதுவே நக்கிக் குடிக்கும், வாய்க்குள்ள ஊத்திடாதீங்க.

பாலாடை எங்கள எப்படி காப்பாத்துச்சுன்னா, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். பாப்பாவுக்கு அப்போ 2 மாசம் கூட முடியல. கரண்ட் மூணு நாள் இல்ல, தெருவுல முட்டி அளவு தண்ணி, கீழ் வீட்டு சம்ப்புல டிரெய்னேஜ் கலந்துடுச்சு. அது மட்டும் இல்ல, எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்து, எங்க பக்கம் வந்த வெள்ளத் தண்ணி மேலயே கருப்பா மெதந்துச்சு, சுவத்துல அந்தக் கோடு ரொம்ப நாளைக்கு இருந்துச்சு. சம்ப்புத் தண்ணிய ரெண்டு வாட்டி கொதிக்க வெச்சு குடுக்கலாமான்னு எங்கம்மா கேட்டாங்க. கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும். எண்ணெய் போகாது, கெமிக்கல் போகாது, போர் தண்ணில இருக்கற உப்பும் போகாது, கொதிக்கக் கொதிக்க தண்ணி வத்தி உப்பு இன்னும் ஏறத்தான் செய்யும். கடலோரத்துல இருக்கற நம்மள மாதிரி ஆளுங்க இத மனசுல வெச்சிக்கணும், போர் தண்ணி குழந்தைப் பாலுக்கு ஆகாது. நல்லவேளை மாடில ரெண்டு கேன் தண்ணி இருந்துச்சு, கேஸும் இருந்துச்சு. கேன் தண்ணியும் காய்ச்சித்தான் ஆகணும், சீல் போட்டிருந்தாலும். பாட்டில் கொதிக்க வெக்க நெறய தண்ணி வேணும், பாலாடையும் ஒரு டம்ளரும் முங்க ஒரு சின்ன கிண்ணி தண்ணி போதும். ஃப்ரிட்ஜ் ஓடல, அதனால ஒவ்வொரு வேளைக்கும் புதுசா கலந்து, புதுசா குடுத்து, மிச்சத்த கீழ ஊத்தி, மூணு நாள் மெழுகுவத்தி வெளிச்சத்துல ஸ்பூன் எண்ணினோம். அப்போ எங்கம்மாதான் கத்தி முதுகால தலை தட்டினது, சத்தமா எண்ணிக்கிட்டே.

மிச்ச சொச்சம் வேகமா சொல்லிடறேன். கலந்த பால ஃப்ரிட்ஜ்ல வெச்சே ஆகணும்னா 5 டிகிரிக்குக் கீழ, கதவுப் பக்கம் இல்லாம உள்ள தள்ளி, 24 மணி நேரம்தான், சூடு பண்ண 15 நிமிஷத்துக்கு மேல எடுத்துக்காதீங்க. கரண்ட் போய்ப் போய் வர்ற வீடுன்னா இத மறந்துருங்க. டப்பாவ ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க, ஈரம் ஏறி கட்டி தட்டும், அடுப்பு பக்கத்துலயும் வேணாம். பிரிச்ச தேதிய மூடி மேல ஸ்கெட்ச்ல எழுதிடுங்க, எங்க டப்பால 3 வாரம்னு போட்டிருந்துச்சு. சக்கரை சேக்கக் கூடாது, ஒரு வயசு வரைக்கும் தேன் நாக்குல தடவக் கூடாது, பவுடருக்கு பதிலா பாக்கெட் பால தண்ணி ஊத்திக் குடுக்கக் கூடாது, தெருவுல கூவிட்டு வர்ற கழுதைப் பாலும் வேணாம், பெரியவங்க கோச்சிக்கிட்டாலும் பரவால்ல. சின்னக் குழந்தை பால் குடிக்க மாட்டேங்குது, உடம்பு சுடுது இல்ல ஜில்லுன்னு இருக்கு, எழுப்பினாலும் எழுந்துக்கல, உச்சிக்குழி உப்பி இருக்கு, இதுல எது இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, அந்த நேரத்துலயே 108க்கு அடிங்க இல்ல வண்டிய எடுங்க.

டீக்கடைல உக்கார வெச்சுப் பேசின அந்தப் பையன்கிட்ட இருந்து அன்னிக்கு நைட்டே வாட்ஸ்அப் வந்துச்சு, மணி 1.40. ஒரு ஃபோட்டோ, எவர்சில்வர் தட்டுல பாட்டில், பக்கத்துல தலை தட்டின ஸ்பூன். கீழ எழுதியிருந்தான், "அண்ணா 60 மில்லி கலந்தேன், 40 குடிச்சிட்டு தூங்கிட்டான். மீதி 20 மில்லி அடுத்த வாட்டிக்கு வெச்சிக்கலாமா?"

"கொட்டிடு தம்பி"ன்னு அனுப்பினேன்.